முதல் ஓலை

ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர் முதுநகர்ப் பங்குக் கோயிலில் காலைப் பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். மாப்பிள்ளை இன்னார் மகன், பெண் இன்னார் மகள் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறார்கள். எழுந்து போய் யாரும் எதையும் தெரிவித்ததாக அந்தப் பங்கில் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தக் கடைசி வரி வரும்போது பாதி ஜனம் செருப்புத் தேடப் போயிருக்கும்.

அன்றைக்கு ஓலையில் வந்த பெண் சுவேதா. லூர்துசாமி, ஆரோக்கியம்மாள் தம்பதியின் ஒரே மகள். மாப்பிள்ளை புவனகிரி அன்பரசு, மின்வாரியத்தில் லைன்மேன். மகள் பெயரை மைக்கில் கேட்டதும் ஆரோக்கியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யார் யார் காதில் விழுந்தது என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். இருபத்தெட்டு வயதுவரை வீட்டில் இருந்த பெண்ணுக்கு அரசாங்க மாப்பிள்ளை அமைந்திருக்கிறான், பார்க்காமல் எப்படி இருப்பாள்?

வெளியே வந்து நாலு பேரிடம் பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். லூர்துசாமி மட்டும் புங்க மரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்கூட மாட்டியாகிவிட்டது.

“சுவேதா எங்க?”

“உள்ள போச்சு.”

“உள்ளன்னா எங்க?”

“ஆபீசுக்கு.”

பங்கு அலுவலகத்தில் சாமியார் அப்போதுதான் டீ கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். சுவேதா மேசைக்கு முன்னால் நின்றாள்.

“ஸ்தோத்திரம் ஃபாதர். தடை சொல்ல வந்திருக்கேன்.”

“யாரு கல்யாணத்துக்கும்மா?”

“என் கல்யாணத்துக்கு.”

சாமியார் கிளாஸைக் கீழே வைத்தார். “உக்காரும்மா. வீட்ல கட்டாயப்படுத்துறாங்களா?”

“இல்ல. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. எனக்கு ஆட்டிசம் இருக்கு ஃபாதர். அவுங்க வீட்டுக்குத் தெரியாது. அது தடையா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவுங்க வந்து சொல்லணும்னு நீங்க வாசிச்சீங்க. எனக்குத்தான் தெரியும். அதனால வந்தேன்.”

ஆரோக்கியம்மாள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கடைசி வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. அதுவே போதும். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை போட்டு, ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் வாய் அது. திறந்தபடி நின்றுவிட்டது.

“அது சும்மா சொல்லுது சாமி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, வெயில்ல பித்தம் ஏறிக்கினு...”

“எனக்குப் பித்தம் இல்லம்மா,” என்றாள் சுவேதா.

சாமியார் இருவரையும் உட்காரவைத்தார். புதிதாக வந்தவர், வயது குறைவு, ஆனாலும் அவசரப்படாத மனிதர். “சட்டப்படி இது தடை இல்லம்மா. ஓலையில கேக்குற தடை வேற. ஏற்கெனவே கல்யாணம் ஆனவுங்களா, நெருங்கின ரத்த உறவா, அந்த மாதிரி.”

“அப்ப அதையும் சேத்து வாசிச்சிருக்கணும் ஃபாதர்.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “வாசிச்சிருக்கலாம். ஆனா ஒண்ணு. தடை இல்லன்னாலும் கட்டிக்கப்போறவருக்குத் தெரியணும். மறைச்சு வச்சிக் கல்யாணம் பண்ணா பின்னால அதுவே பெரிய பிரச்சினையா வரும். நீங்களே பேசுங்க. வர ஞாயித்துக்கிழம ரெண்டாவது ஓலை. வாசிக்கவா வேணாமான்னு அதுக்குள்ள எனக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

சுவேதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பல் லேபில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் படலம் படலமாக வைத்துச் சூளையில் சுட்டெடுப்பது. அரைக்கிற மெஷின் சத்தம் எட்டாத உள்ளறையை முதலாளி அவளுக்கு ஒதுக்கியிருந்தார். ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவது அவளுக்குப் பெரும்பாடு. அதனால் வாயைப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளை நிமிர்ந்து பார்க்காவிட்டால் நம் ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆணாகப் பிறந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

சிதம்பரத்தில் டிப்ளமோ படித்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் தட்டுச் சத்தத்தையும் கூச்சலையும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். என்ன கூப்பிட்டும் வெளியே வரவில்லை. டீச்சர் ஒருத்தர் சொல்லிப் புதுச்சேரிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்கள். நாலைந்து தடவை பேசிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: “இது நோய் இல்ல, இதுக்கு மாத்திரையும் இல்ல. ஆட்டிசம். இவ மாதிரி இருக்குறவங்கள ஹை ஃபங்ஷனிங்னு சொல்லுவாங்க. படிப்பா, வேலை பார்ப்பா, எல்லாம் செய்வா. ஆனா நம்மள மாதிரி இருக்குறதுக்கு அவ உள்ளுக்குள்ள எவ்வளவு பாடுபடுறான்னு வெளிய தெரியாது.”

திரும்பி வந்த பஸ்ஸில் ஆரோக்கியம்மாள் கடலூர் வரும்வரை அழுதாள். சுவேதா வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் முழுக்கத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினாள். பஸ்ஸில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. தனக்கு என்ன என்று தெரிந்துபோன நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம்மாள் ஒரே ஒரு சட்டம் போட்டாள்: “யாரும் கேட்டா ஒழிய நீயா இதச் சொல்லக் கூடாது.” தெளிவான சட்டம், சுவேதாவும் ஒத்துக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் நின்று உனக்கு ஆட்டிசமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இதற்கு முன்னால் வந்த ஒரு வரன் தட்டிப்போனதற்கு வேறு காரணம். காப்பி கொடுக்க வந்தவளிடம், பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். “இன்னும் தெரியல, இப்பதான பாத்தேன்,” என்றிருக்கிறாள். அன்பரசு மட்டும் அதே பதிலைக் கேட்டுவிட்டு, “சரி, பேசிப் பார்ப்போம்,” என்றான். தினம் ஏழு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னான், ஏழு மணிக்குக் கூப்பிட்டான். எங்காவது ஒயர் அறுந்து வேலை வந்துவிட்டால் முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினான். பேசிப் பழகிய பிறகு ஒருநாள் அவளாகவே அம்மாவிடம் வந்து, “இப்ப தெரிஞ்சிடுச்சு, புடிச்சிருக்கு,” என்றாள்.

அப்படிக் கூடிவந்த கல்யாணம்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. லூர்துசாமி வேலை செய்யும் ஐஸ் பிளான்ட்டிலும் அரை வேலைதான். கத்திரி வெயில் ஓட்டைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று கோழி வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. கருவாட்டுக்காரி வீட்டில் கருவாடு இல்லையா என்று கேட்பவர்களுக்கு, கடைக்காரிக்குத் தின்னு அலுத்துப்போச்சு என்று ஆரோக்கியம்மாள் பதில் வைத்திருந்தாள். உண்மையில் மகளுக்கு அந்த வாசனை ஆகாது, குமட்டும்.

மார்க்கெட்டிலேயே பெரிய குரல் ஆரோக்கியம்மாளுடையது. வீட்டுக்குள் மட்டும் அவள் ரகசியம் பேசுகிற மாதிரிதான் சண்டை போடுவாள். சத்தம் கூடினால் மகள் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் யாரோடு சண்டை போடுவது?

“ஏன்டி, ஊருல எத்தினி பேருக்கு ஓலை வாசிச்சிருக்காங்க. எவளாவது எழுந்து போயி தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கினாளா?”

“நீதான சொன்ன.”

“நான் என்னாடி சொன்னேன்? கேட்டா ஒழிய சொல்லாதன்னேன்.”

“அதான். கேட்டாங்க.”

“யாரு கேட்டா?”

“ஃபாதர். மைக்குல.”

“அது கேள்வியாடி? அது சும்மா வாசிக்கிறது.”

“சும்மா எதுக்கு வாசிக்கணும்?”

ஆரோக்கியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “இந்த மனுசனப் பாரு. வீடு பத்திக்கினு எரியுது, இவரு பூண்டு உரிச்சிக்கினு உக்காந்திருக்காரு.”

“நீதான உரிக்கச் சொன்ன,” என்றார் லூர்துசாமி.

“ரெண்டும் ஒரே அச்சு.”

“அப்பாவுக்கும் இருக்கும்போலன்னு டாக்டரே சொன்னாங்களே,” என்றாள் சுவேதா.

“வாய மூடுடி!” குரல் எகிறிவிட்டது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. சுவேதா எழுந்து அறைக்குப் போய், அந்த வெயிலிலும் கனத்த போர்வையை மடித்து மேலே போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கப் படுத்தாள். ஆரோக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோழியை அடுப்பிலேற்றி, அது வெந்து இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொட்டால் இன்னும் மோசமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் கழித்து சுவேதா பேசினாள். “அம்மா, மறைச்சே கல்யாணம் நடந்துச்சின்னு வையி. அங்க போயி இப்படிப் படுக்கணும்னா நான் எங்க படுப்பேன்?”

“அங்கயும் ரூம்பு இருக்குதுடி.”

“இப்படிப் படுத்தா அவுங்க என்னான்னு நெனப்பாங்க? பேய் புடிச்சிக்கிச்சின்னு நெனப்பாங்க. இல்லன்னா திமிருன்னு நெனப்பாங்க. எங்கயாவது மந்திரிக்க இட்டுக்கினு போவாங்க. அதனால படுக்காம நான் நடிச்சிக்கினே இருக்கணும். எட்டு மணிநேரம் வேலையில நடிச்சிட்டு வந்தாலே எனக்குத் தல வலிக்குது. ஆயுசு பூரா எப்படி நடிக்கிறது?”

ஆரோக்கியம்மாள் கல்யாணம் நடக்க வேண்டும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். நடந்த மறுநாள் அந்த வீட்டில் மகள் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஏழு மணிக்கு அன்பரசு கூப்பிட்டான். சுவேதா ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலுக்குப் போனது, சாமியார் சொன்னது, புதுச்சேரி டாக்டர் சொன்னது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.” கொஞ்சம் கழித்து, “இத ஏன் இவ்ளோ நாளா சொல்லல?” என்றான்.

“யாரும் கேட்டா ஒழிய சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க. நீங்க கேக்கல. ஆனா உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணிச்சி. தோணியும் சொல்லல.”

“எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்.”

“எத்தன நாளு?”

“அது எப்படித் தெரியும்?”

“நீங்க நாளு சொல்லலன்னா என்னால ஒரு வேலையும் செய்ய முடியாது.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. “சனிக்கிழம அப்பா அம்மாவ இட்டுக்கினு நேர்ல வரேன்.”

“அதுவரைக்கும் போன் பண்ணுவீங்களா?”

“பண்றேன்,” என்றான். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் மறுநாள் ஏழு மணிக்குக் கூப்பிட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை காலை ஆரோக்கியம்மாள் கடையில் நெத்திலியையும் வாளையையும் தனித்தனியாகக் குவித்து, உப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தடைக்காலத்தில் கருவாட்டுக்குக் கிராக்கி ஜாஸ்தி. கூட்டத்துக்கு நடுவில், எதிரில் வாழையிலை விற்கும் லோகநாயகி மெதுவாகப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“யக்கா, தப்பா நெனச்சிக்காத. உம் பொண்ணே போயி சாமியாருகிட்ட கல்யாணத்துக்குத் தட சொல்லிச்சாமே? வேற எவனையாவது...”

ஆரோக்கியம்மாள் கையில் இருந்த வாளைக் கருவாடு கையிலேயே நின்றது. மகளுக்கு வேறு எவனோ இருக்கிறான் என்று கடலூர் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்களா?

“எவனும் இல்லடி. அதுக்கு ஆட்டிசம்!”

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை நடு மார்க்கெட்டில் அவளே கத்திவிட்டாள்.

“அப்படின்னா?” என்றாள் லோகநாயகி.

“அப்படின்னா... அதுக்கு எல்லாம் ஜாஸ்தியா கேக்கும், ஜாஸ்தியா உறைக்கும். நாம சும்மா பேசுறதக்கூட நெசம்னு எடுத்துக்கும். பொய் வராது. கூட்டம் ஆவாது. மத்தபடி உன்ன என்னக் காட்டிலும் அறிவு.”

“இவ்ளோதானா? நான் கூட என்னமோ ஏதோன்னு நெனச்சேன்,” என்று சொல்லி, நெத்திலி கால் கிலோ வாங்கிக்கொண்டு லோகநாயகி போய்விட்டாள். ஆரோக்கியம்மாளுக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. இவ்வளவுதானா என்று அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தவள், மகளுக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டுப் போட்டாள்.

சனிக்கிழமை காலை புவனகிரியிலிருந்து மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அன்பரசுவின் அப்பா தங்கராசு காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் களத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். மில் சத்தத்திலேயே பேசிப் பழகி, அடுத்த தெருவுக்கும் சேர்த்துப் பேசுவார். அம்மா எழிலரசி ஒரு பையில் மிதி பாகற்காயும், கையில் அரைப் பலாப்பழமும் கொண்டுவந்திருந்தாள்.

“அத்தை, பலாப்பழம் வெளியிலயே இருக்கட்டும். அந்த வாசன எனக்கு ஆவாது,” என்றாள் சுவேதா.

எழிலரசியின் முகம் சுருங்கிப்போனது. ஆரோக்கியம்மாள் பழத்தை வாங்கி வாசலில் வைத்துவிட்டு எல்லோருக்கும் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் பரிமாறினாள். யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. லூர்துசாமி மட்டும் எப்போதும் போல இட்லிக்குப் பொடி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து தங்கராசு ஆரம்பித்தார். “சம்மந்தி, மனசுல வச்சிக்காதீங்க. எங்க பக்கத்துல நாலு பேருகிட்ட கேட்டோம். ஓலை வாசிச்சா என்னா, மூணாவது ஓலை வரைக்கும் வந்து நின்ன கல்யாணமெல்லாம் இருக்குதுன்னு சொல்றாங்க.”

“மாமா, கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா?” என்றாள் சுவேதா.

“ம்?” என்று திடுக்கிட்டவர் குரலைத் தணித்துக்கொண்டார். “எங்க வீட்டுல ஆளுங்க வந்துக்கினே போயிக்கினே இருப்பாங்க. இந்தப் பொண்ணு அதுல இருக்குமா?”

“கொஞ்ச நேரம் இருப்பேன். அப்புறம் உள்ள போயிப் படுத்துக்குவேன். கோவம்னு நெனைக்கக் கூடாது. தெம்பு வந்தா திரும்பி வருவேன்.”

“நாளைக்குப் பிள்ள பொறந்து, அதுக்கும் இது இருந்துச்சின்னா?” என்றாள் எழிலரசி. கேட்டுவிட்டு அவளுக்கே சங்கடமாக இருந்தது.

“இருக்கலாம் அத்தை. டாக்டரே சொன்னாங்க. இருந்தா எனக்கு அந்தப் பிள்ளையப் புரியும். என்னைப் புரிஞ்சிக்க எங்கம்மாவுக்கு இருவது வருசம் ஆச்சு.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்பரசு நிமிர்ந்தான். “அம்மா, நான் பேசிடுறேன். மொத நாளு எனக்குக் கோவம்தான் வந்துச்சி. ஏமாத்திட்டாங்கன்னு இருந்துச்சி. அப்புறம் தினம் போன்ல ஒவ்வொண்ணா கேட்டேன். எதுக்கும் சுவேதா மழுப்பல. இது முடியும், இது முடியாது, இது தெரியாதுன்னு சொல்லிச்சி.” அப்பா பக்கம் திரும்பினான். “எங்க வேலையில போஸ்ட்டு மேல ஏறுறதுக்கு முன்னாடி எல்.சி. வாங்கணும்பா. லைன ஆஃப் பண்ணிட்டோம், நீ ஏறலாம்னு சப் ஸ்டேஷன்ல வாய் தொறந்து சொல்லணும். ஆஃப் பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு ஏறுனவன நான் கீழ எறக்கியிருக்கேன். உசுரோட இல்ல. வாய் தொறந்து சொல்ற இந்தப் பொண்ணோட இருக்க எனக்கு பயமில்ல. நான் சரியா இருப்பேனான்னுதான் பயம்.”

“உனக்கென்னா, நீ காலையில வண்டிய எடுத்துக்கினு போயிடுவ,” என்றாள் எழிலரசி. “வீட்டுல கூட இருக்கப்போறது நானு.” அவள் ஆரோக்கியம்மாள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “சம்மந்தி, பொம்பளைக்குப் பொம்பள கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. பெத்தவ நீங்க பொறுத்துக்கினீங்க. இப்படி ஒருத்தரு கூட எப்படிக் குடும்பம் பண்றது?”

ஆரோக்கியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“முப்பது வருசமா நான் பண்ணிக்கினுதான் இருக்கேன் சம்மந்தி. தோ, இவரு கூட. புதுசுல இந்த மனுசன் என்கூட பேச மாட்டேங்குறாருன்னு எங்கம்மா வீட்டுக்கு ஓடிட்டேன். இவரு வந்து வாசல்ல நின்னாரு. வான்னு கூட கூப்புடல. நின்னுக்கினே இருந்தாரு. எனக்கு டைபாய்டு வந்தப்ப எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஆனா நான் எழுந்து நடக்குற வரைக்கும் வேளா வேளைக்குக் கஞ்சி வந்துச்சி. எம் பொண்ணுக்கு நான் விக்கிற கருவாட்டு வாசன ஆவாது. அதனால தெனம் பின்னால குழாயில குளிச்சி, சேல மாத்திக்கினுதான் வீட்டுக்குள்ள வருவேன். மழையில நடுங்கிக்கினே குளிச்சிருக்கேன். கஷ்டமான்னு கேட்டீங்கன்னா கஷ்டம்தான். இல்லன்னு சொன்னா பொய்யி.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா இந்த வீட்டுல என்னை யாரும் ஏமாத்துனது இல்ல. மனசுல ஒண்ண வச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசுனவ நான் ஒருத்திதான். உங்ககிட்ட மறைச்சதும் நான்தான், அது இல்ல. முடியுமான்னு கேட்டீங்கல்ல? முடியும் சம்மந்தி. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

லூர்துசாமி சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

“வெந்நீர் வச்சிக் குடுத்திருப்பேன்,” என்றார். “மழையில நடுங்குதுன்னு நீ சொல்லவே இல்ல.”

ஆரோக்கியம்மாள் சிரிப்பும் அழுகையுமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். எழிலரசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். தங்கராசு மோவாயைத் தடவியபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அப்ப கல்யாணத்துக்குச் சொல்லி வச்ச பேண்டு செட்ட என்னா பண்றது?” என்றாள் எழிலரசி.

“அதத்தான் யோசிக்கிறேன். மாப்ள அழைப்புக்கு மட்டும் வாசிக்கட்டும். பொண்ணு வந்து எறங்குன உடனே நிறுத்திடச் சொல்லுவோம்.”

“பேண்டு இல்லாத கல்யாணமான்னு உங்க அக்கா குதிக்கும்.”

“குதிக்கட்டும். வெடியும் வேணாம்னு சொல்லிடணும். மண்டபத்துல ஒரு ரூம்ப இந்தப் பொண்ணுக்குன்னு தனியா பூட்டி வச்சிரு.”

ஆரோக்கியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சு பேண்டுக்கும் ரூமுக்கும் தாவிவிட்டால் காரியம் கைகூடியது என்று அர்த்தம். நம் பக்கத்துச் சம்பந்திமார் சரி என்பதைச் சரி என்று ஒருநாளும் சொல்வதில்லை. மற்றதையெல்லாம் பேசுவார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. காப்பி போட எழுந்தாள்.

“மாமா, அப்ப கல்யாணம் நடக்குதா?” என்று கேட்டாள் சுவேதா.

“அதத்தான கண்ணு பேசிக்கினு இருக்கோம்,” என்றாள் எழிலரசி.

“பேண்டு பத்தித்தான் பேசுறீங்க அத்தை. நடக்குதா இல்லையான்னு யாரும் சொல்லலையே.” அவள் விரல்கள் சுடிதார் துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன. அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

போன சனிக்கிழமையாக இருந்தால் ஆரோக்கியம்மாள் மகளின் தொடையில் கிள்ளியிருப்பாள், பெரியவங்ககிட்ட என்னாடி கேள்வி என்று சிரித்து மழுப்பியிருப்பாள். இப்போது அடுப்படிக்குப் போன கால் அப்படியே திரும்பி வந்தது. மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சம்மந்தி,” என்றாள். “வாய் தொறந்து சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்.”

தங்கராசு தன் ஆயுளில் இப்படி ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் இல்லை. மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தோள் துண்டைச் சரிசெய்தபடி எழுந்து நின்றார்.

“நடக்குதும்மா,” என்றார், குரலை ரொம்பவும் தணித்து. “உனக்கும் அவனுக்கும் கல்யாணம் நடக்குது.”